பக்கம் திரும்பாத ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருஷத்துக்கு முந்தின பங்குனி வெயிலில், மட்டாஞ்சேரியில், எங்கள் தெரு போய் முடிகிற இடத்தில் இருக்கும் பொது நூலகத்தின் மாடியில் நடந்தது இது. நடந்து முடிய ஒரு மதியம்கூட ஆகவில்லை. ஆனாலும் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும்போதெல்லாம் அந்த மாடியும், அந்தக் குரலும், கூரையில் அசைந்துகொண்டிருந்த காயல் தண்ணீரின் வெளிச்சமும் என் முன்னால் வந்து நிற்கும். கனவில் கண்டேனா நிஜமாகவே நடந்ததா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். நிஜமாகத்தான் நடந்தது. என்னைத் தவிர சாட்சிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்ன, அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெல்ல எழுதுவேன். மலையாளம் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, பிறந்து வளர்ந்ததே இங்கேதானே. ஆனால் அந்த எழுத்து மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. வீட்டில் தோசை மாவு ஆட்டி விற்கிறேன். சுள்ளிக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் வந்து என் மாவை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எழுபது தாண்டியும் ஒரு ஆளிடம் போய் நிற்காமல் இருக்கிறவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் என்ன தப்பு?

நூலகத்துக்கு நான் புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மதியமானால் கரண்ட் போய்விடும். வீட்டுக்குள் உட்கார முடியாது. நூலகத்தில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் ஒருத்தி, தெரு முழுக்க அவளை இத்தாத்தா என்றுதான் கூப்பிடும், ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே நடக்கிற வாசிப்புக் கூட்டத்துக்குத் தவறாமல் போவாள். ஒருநாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வீட்ல இருந்து எந்தினா இப்படி வேகுறது? வா. அங்க ஃபேன் உண்டு."

"எனக்கு ஃபேன் ஒண்ணும் வேண்டாம். புத்தகத்துல என்ன சொல்றாங்கன்னு கேக்கத்தான் வாறேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கூட்டத்தில் கதைப் புத்தகம் கிடையாது. காடு, ஆறு, பறவை, கரையைத் தின்கிற கடல், இப்படி நம்மைச் சுற்றி இருப்பதைப் பற்றி எழுதின புத்தகங்கள் மட்டும்தான். சுற்றுச்சூழல் வாசிப்பு என்று கீழே பலகையில் எழுதிப் போட்டிருப்பதாக இத்தாத்தா சொன்னாள். எல்லாப் புத்தகமும் நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். அதனால் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். படிக்கிறவர் எப்போதும் ஒரே ஆள்தான், பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். என் வயதுதான் இருக்கும். வெள்ளை நேரியதுச் சேலை உடுத்தி, நெற்றியில் சந்தனக் கீற்றோடு நிமிர்ந்து உட்காருவார். காய்ச்சின பாலைத் தூக்கி ஆற்றும்போது நீளமாக, அறுபடாமல் விழுமே, அப்படி ஒரு குரல்.

டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. புத்தகத்தை விரித்ததும் "கண்ணடச்சோ எல்லாரும்" என்பார். எல்லோரும் கண்ணை மூடிவிட வேண்டும். காட்டையும் காயலையும் பற்றிப் படிக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு என் மூஞ்சிதான் தெரியும், காடு தெரியாது என்பார். படித்து முடித்ததும், மூடின கண்ணுக்குள் பார்த்தது என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். வெளியில் இருந்து யாராவது மாடி ஏறி வந்தால் திகைத்துப் போவார்கள். பெரிய பெரிய ஆட்கள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ஒரு அம்மாள் மட்டும் மெதுவாகப் படித்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் நானும் மூடினேன். தலைக்கு மேலே ஃபேன், காதில் அந்தக் குரல், விடியலுக்கு முன்னால் எழுந்து மாவு அள்ளின அலுப்பு. குறட்டையே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில், ஜெட்டி என்று இங்கே சொல்கிற படகுத்துறையில் வருஷக்கணக்காகப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற சேட்டன் ஒருவர் இருந்தார். அவர் என் நாற்காலியைத் தட்டினார்.

"மாவக்கா, எஞ்சின் நிறுத்து. ஜெட்டி வந்நு."

மாடியே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "உறங்கலை. நல்லாக் கேக்கத்தான் தலையைச் சாய்ச்சேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த மாடியில் என் கண் மூடாது என்று. அடுத்த வாரத்திலிருந்து தலையைக் குனிந்து, இமையைப் பாதி தாழ்த்தி, மூடின மாதிரி வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படிப்பதில் பாதி எனக்குப் புரியாது. வீட்டில் தெருவில் பேசுகிற மலையாளம் வேறு, புத்தக மலையாளம் வேறு. வார்த்தைகள் நல்ல பட்டுப்புடவை மாதிரி சரசரவென்று என்னைக் கடந்து போகும், ஆளின் முகம் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் நான் புத்தகத்தைக் காதால் பின்தொடரவில்லை, டீச்சரின் வலது கையைப் பின்தொடர்ந்தேன். பக்கம் முடியப் போகிறபோது அந்தக் கை மெல்ல எழும்பி வந்து காகிதத்தின் ஓரத்தைத் தொடும். தொட்டுக் காத்திருக்கும். கடைசி வரி முடிந்ததும் பக்கம் புரளும், ஒரு சின்னக் காற்று வரும், டீச்சர் மூச்சு எடுப்பார். நானும் எடுப்பேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. வாரம் முழுக்க மாவும் பாத்திரமும் தண்ணீரும் என்று ஓடுகிறவளுக்கு, வேறு ஒருவர் மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே ஒரு சுகம்.

அந்த மாதம் கண்டல் காட்டைப் பற்றிய புத்தகம். உப்புத் தண்ணீரில் வேரைக் காலாக ஊன்றி நிற்கிற மரங்களை இங்கே கண்டல் என்பார்கள். அந்தப் புத்தகத்தை வைத்து வாரா வாரம் சண்டை நடந்தது. படகுச் சேட்டனுக்கு அதை எழுதினவர் மேல் நம்பிக்கையே இல்லை.

"டீச்சரே, நான் கண்டல் ஓரமாவே காலம் முழுக்க போட் ஓட்டினவன். இவ்வளவு எழுதியிருக்காரே, ஒரு கொசு உண்டா இந்தப் புத்தகத்துல? ஒரு கொசு? இவர் அங்க போயிருக்கவே மாட்டார்."

"கொசு அடுத்த அத்தியாயத்தில் வரும். பொறுமை வேணும்."

"வந்தா என் ரத்தத்துல பாதி எனக்குத் திரும்பக் கிடைக்கும்."

இத்தாத்தாவுக்கு அதெல்லாம் விளையாட்டாகப் படாது. அவளுடைய அண்ணன் வீடு காயல் ஓரத்தில் இருக்கிறது. கடல் பொங்கி ஏற்றம் வரும்போது அடுக்களை வரைக்கும் உப்புத் தண்ணீர் வந்து நிற்கும். முன்னால் அங்கே கண்டல் நின்றது, வெட்டி மண் போட்டு வீடு கட்டினார்கள், இப்போது தண்ணீர் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வருகிறது என்பாள். "புத்தகத்துல கேக்க அழகா இருக்கு. அடுக்களையில வந்து நின்னா அழுகைதான் வரும்" என்பாள். டீச்சர் அதை மறுக்க மாட்டார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இதையும் யாராவது எழுத வேண்டும் என்று மட்டும் சொல்வார். கடைசியில் என் முறை வரும். "அக்கா என்ன கண்டீங்க?" நான் தண்ணீர் என்பேன், இல்லையென்றால் கொக்கு என்பேன். கண்டல் காட்டுப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமலா போகும்?

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கீழே கிடங்குத் தெருவில் ஒரு லாரியும் இல்லை. மூடின கதவுகளுக்குப் பின்னாலிருந்து சுக்கு வாசனை மட்டும் ஏறி மாடிக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு காயல். அதில் பட்ட வெளிச்சம் கூரையில் ஏறி, வலை விரித்த மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ஒரு செம்பருந்து சிறகை அடிக்காமல் வட்டம் போட்டது. தூரத்தில் படகு ஒருமுறை ஊதி நின்றது. டீச்சர் கண்ணை மூடச் சொன்னார். எல்லோரும் மூடினார்கள். நான் பாதி மூடினேன்.

படிப்பு தொடங்கியது. அன்றைக்குக் குரல் இன்னும் இழைந்து வந்தது. ஏற்றத்து நேரத்தில் கண்டல் காடு எப்படி இருக்கும் என்கிற இடம் அது, அவ்வளவு எனக்கும் புரிந்தது. பக்கம் புரண்டது. இன்னும் ஒன்று புரண்டது. அப்புறம் ஒரு வரி வந்தது. தண்ணீர் ஏறி வருகிறது, பறவைகள் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம் வருகிற வரி. எளிய வார்த்தைகள்தான், அதனால் எனக்கும் பிடிபட்டது. பரவாயில்லையே, இன்றைக்குப் புத்தகம் என்னோடும் பேசுகிறதே என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே வரி மறுபடியும் வந்தது. மறுபடியும் வந்தது. தண்ணீர் ஏறி வருகிறது, பறவைகள் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. குரலில் அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. அலை கரைக்கு வந்து போய்த் திரும்ப வருவது போல அது வந்து வந்து போனது. நான் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். இத்தாத்தாவின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. படகுச் சேட்டனின் உதடு அந்த வரியைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற சார் சுவரில் சாய்ந்து, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றிருந்தார். எல்லோர் முகத்திலும் கூரை வெளிச்சம் அசைந்தது. அவர்கள் எல்லோரும் எங்கேயோ போய்விட்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மரங்களுக்கு நடுவே நிற்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். எழுதினவர்தான் அழகுக்காக ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் பல்லவி திரும்பி வருவதில்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கே தலை கிறுகிறுவென்று, தூளியில் ஆடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் பக்கம் திரும்பவில்லை.

நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி வர வேண்டிய கை எழும்பவில்லை. புத்தகத்தின் மேலிருந்து சரிந்து மடியில் விழுந்து, உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது. வேறு யாரோ கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. டீச்சரின் கண் புத்தகத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. வாயின் ஒரு ஓரம் லேசாகக் கீழே இறங்கியிருந்தது. சிரிக்கப் போகிறார் போலவும் இருந்தது, சிரிப்பு பாதியில் நின்றுபோனது போலவும் இருந்தது.

எழுந்து கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டுவிட்டு, அது புத்தகத்தில் இருக்கிறபடியே இருந்துவிட்டால்? படகுச் சேட்டன் வருஷம் முழுக்க என்னை வைத்துக் கதை சொல்வார். மாவக்காவுக்கு இலக்கியம் புரியவில்லை என்று ஜெட்டி வரைக்கும் போய்ச் சேரும். அவ்வளவு பேர் கண்ணீர் விட்டுக் கேட்கிற இடத்தில் எழுந்து நிற்க நான் யார்? எனக்குத்தான் பாதி புரியாதே.

அந்த வரி மறுபடி வந்தது. இந்தத் தடவை கடைசி வார்த்தை கொஞ்சம் குழைந்திருந்தது.

எழுந்துவிட்டேன். சத்தம் போடாமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து டீச்சரின் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. புத்தகத்தைப் பார்த்தேன். அந்த வட்ட வட்ட எழுத்தில் ஒன்றைக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கம் திரும்பினால் வார்த்தை மாற வேண்டும். கையை நீட்டி, டீச்சர் தொடுகிற அதே ஓரத்தைத் தொட்டு, நானே அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

வார்த்தை மாறவில்லை. தண்ணீர் ஏறி வருகிறது, பறவைகள் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன.

மடியில் கிடந்த கையை எடுத்தேன். ஈரத் துணி மாதிரி கனமாக இருந்தது. என் விரலை அது பிடிக்கவில்லை.

"கண்ணைத் திறங்க! எல்லாரும் கண்ணைத் திறங்க! டீச்சருக்கு வய்யா, என்னமோ ஆயிடுச்சு!"

எல்லோரும் திடுக்கிட்டு விழித்தார்கள். சிலருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எந்தா அக்கா இது, நல்ல கட்டத்துல வந்து?" என்று படகுச் சேட்டன் கையை விரித்தார். "ஸ்ஸ்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். டீச்சர் எங்கள் யாரையும் பார்க்காமல் படித்துக்கொண்டே இருந்தார். நூலகத்து சார் மட்டும் ஓடி வந்து புத்தகத்தைப் பார்த்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். முந்தின பக்கத்தைத் திருப்பினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த வரி இந்தப் பக்கத்துல இல்ல. முந்தின பக்கத்துல ஒரே ஒரு தடவைதான் இருக்கு."

அதற்கப்புறம் யாரும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விழித்த பிறகு அவர்கள் ஓடிய ஓட்டத்தில் நான் பாதி ஓடியிருக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் வருகிறவரை காத்திருக்க வேண்டாம் என்று படகுச் சேட்டன் அந்த வயதிலும் படியில் பாய்ந்து இறங்கி, ஒரு ஆட்டோவை வாசலோடு கொண்டுவந்து நிறுத்தினார். நாற்காலியோடு டீச்சரைத் தூக்கிப் படி இறக்கினார்கள். இத்தாத்தா ஆஸ்பத்திரிக்கும் டீச்சரின் மகனுக்கும் போன் போட்டுவிட்டாள். பின்சீட்டில் டீச்சருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். படகுச் சேட்டன் டிரைவரோடு முன்னால் ஒட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் வெளியே கையை நீட்டி, வண்டிகளைப் படகு மாதிரி ஒதுங்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாலத்தின் மேல் ஏறியதும் இரண்டு பக்கமும் காயல் விரிந்தது. டீச்சரின் தலை என் தோளில் இருந்தது. இன்னும் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் இப்போது ரகசியம் பேசுகிற மாதிரி. தண்ணீர் மேல் வெயில் துண்டு துண்டாக மிதந்தது. அவர் முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி ஒரு தெளிவு. பாதிப் பாலத்தில் குரல் நின்றுவிட்டது. அதுவரை எப்போது நிற்கும் என்று இருந்த எனக்கு, நின்றதும் அந்த வரி மறுபடி வராதா என்று இருந்தது. இத்தாத்தா கண்ணை மூடி ஓத ஆரம்பித்தாள். நான் என் சாமியைக் கூப்பிட்டேன்.

மூளையில் ரத்தம் போகிற குழாய் அடைபட்டிருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று எர்ணாகுளத்து டாக்டர் சொன்னார். யார் முதலில் கவனித்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பெருமை அதிக நாள் நீடிக்கவில்லை. டீச்சரை வார்டுக்கு மாற்றின பிறகு, இட்லி அவித்துத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, கிணற்றிலிருந்து வாளி ஏறி வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று, அதெல்லாம் எதற்கு டீச்சரே என்கிற பதிலைக்கூட நான் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா... எந்தினா... நிறுத்தினது?"

எதற்காக நிறுத்தினீர்கள் என்று என்னையே கேட்கிறார். அவர் கண்ணில் கோபம் இருந்தது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பாதியில் தூக்கி வந்தால் பார்க்குமே, அந்தப் பார்வை. தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நோயாளி சொன்னதைப் பெரிதாக எடுக்கலாமா என்று இத்தாத்தா எவ்வளவோ சொன்னாள். நான் எடுத்தேன். அப்புறம் போய்ப் பார்க்கவில்லை. கூட்டமும் நின்றுபோனது. டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார், ஆனால் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறார் என்று காதில் விழுந்தது. விழட்டும் என்று மாவு ஆட்டினேன். ஆனால் கிரைண்டர் சுற்றுகிற சத்தத்துக்குள் சில நேரம் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கும்.

மழை வந்து, கொட்டி, ஓய்ந்த பிறகு ஒரு மாலையில் என் வாசலில் ஆட்டோ நின்றது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் இறங்கினார். வலது கை மடிந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. கிரைண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டேன். மாவுக்கு வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னேன். அவர் நிறுத்தி நிறுத்தி மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

அன்றைக்கு அவர் அந்தக் காட்டுக்குள்ளேயே போய்விட்டாராம். புத்தகம் இல்லை, நூலகம் இல்லை. இடுப்பு வரை இளஞ்சூட்டுத் தண்ணீர். கிளை முழுக்கப் பறவைகள், ஒன்றும் சத்தம் போடவில்லை, எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் படித்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியதாம். பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தாராம். நடக்க நடக்க ஆழம் தெரியவில்லை. அப்போது எங்கிருந்தோ ஒரு கை வந்து பக்கத்தைத் திருப்பியது. உடனே பறவைகள் எல்லாம் ஒன்றாகப் பறந்துவிட்டன. வெளிச்சம் போய்விட்டது. அதைத்தான் ஆஸ்பத்திரியில் கேட்டாராம்.

அப்புறம் அவரே, "இன்னும் நடந்திருந்தா திரும்பி வந்திருக்க மாட்டேன். அது எனக்கு இப்பத் தெரியும். ஆனாலும் அக்கா, அந்த இடம்..." என்றார். இடது கையால் காற்றில் எதையோ தடவிக் காட்டினார். எனக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அழகான ஒரு இடத்திலிருந்து ஒருவரைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். அவர் என்மேல் கொஞ்சம் கோபப்பட்டால்தான் என்ன?

அவர் வந்த காரியம் வேறு. கூட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். கண் பார்க்கிறது, நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, கை மட்டும் பிணங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கம் திருப்ப ஆள் வேண்டும்.

"எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது டீச்சரே. எங்க முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதை வாய்விட்டு நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் தலையசைப்பேன். நீங்க பாத்துட்டே இருந்தாப் போதும். மத்தவங்க எல்லாம் கண்ணை மூடிடுவாங்க. நீங்க மூடமாட்டீங்க."

"அது எப்படி..."

"ஆரம்பத்திலேர்ந்தே தெரியும்." கோணின வாயோடு சிரித்தார். "யாரோ ஒரு ஆள் பாக்குதுன்னு இருந்தாத்தான் எனக்கும் படிக்க வரும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டீச்சரின் வலப்பக்கத்தில் என் நாற்காலி. படிப்பு முன்னைப் போல இல்லை. பாசி பிடித்த படியில் இறங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் கால் வைத்துப் பார்த்து இறங்குகிறார். சில நாள் ஒரு மதியத்துக்கு ஒரே பக்கம்தான். யாரும் அவசரப்படுத்துவதில்லை. படகுச் சேட்டன்கூட வாய் திறப்பதில்லை. வார்த்தை வருகிறவரை மாடியே கண்ணை மூடிக் காத்திருக்கும், சுக்கு வாசனை வந்து போகும், கூரையில் வெளிச்சம் அசையும். தலை அசைந்ததும் நான் பக்கத்தைத் திருப்புவேன். நடுவில் எனக்குப் புரியவில்லை என்றால், "டீச்சரே, இது புரியலை" என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். அவர் நிறுத்தி, தெருவில் பேசுகிற மலையாளத்தில் சொல்லிவிட்டு மேலே போவார். அப்போது இன்னும் இரண்டு மூன்று பேர் சந்தோஷமாக நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்கும்.

என் மாவைப் பற்றி, யாரிடமும் போய் நிற்காத என் வாழ்க்கையைப் பற்றி நான் எவ்வளவோ பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பேர் கண்மூடி இருந்த இடத்தில் எழுந்து நடந்தேனே, அந்தச் சில அடிகளை நினைக்கும்போது வருகிற பெருமைதான் எனக்கு உறுத்தாத பெருமையாக இருக்கிறது.